பால் ஏன் திரிகிறது என்று சொல்லிக்கொடுங்கள், கருப்பட்டி விற்கும்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா ஃபோன் செய்தார். எங்களிடம் முதல் தடவையாக ஒரு கிலோ கருப்பட்டி வாங்கியிருந்தவர். “ஏனுங் கண்ணு, பாலுல போட்டதும் திரிஞ்சு போச்சுங்க. இதுல என்னத்தையோ கலந்திருக்காங்களாட்ட இருக்குது” என்றார். “பால் அடுப்புல கொதிக்கும்போதே போட்டீங்களாம்மா?” என்று கேட்டேன். ஆமாம் என்றார். கருப்பட்டியைத் தனியாகக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு வடிகட்டிக்கொள்ளுங்கள், பாலை இறக்கி வைத்துச் சூடு கொஞ்சம் தணிந்த பிறகு அந்தப் பாகை ஊற்றுங்கள் என்று சொன்னேன். மறுநாள் காலையிலேயே ஒரு டம்ளர் காபியின் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. அடுத்த வாரம் அவருடைய தங்கை இரண்டு கிலோ கேட்டார்.

அந்த மாதத்திலேயே இன்னும் மூன்று பேர் அதே கேள்வியோடு வந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை இன்ஸ்டாகிராமில் நான் போட்டதெல்லாம் பொட்டலத்தின் படம், விலை, “ஆர்டர் செய்ய இன்பாக்ஸ் வாங்க” என்ற வரி, பொங்கல் வாழ்த்து, தீபாவளி வாழ்த்து. கேட்பதற்கு ஆளே இல்லாத கடையில் விலைப்பட்டியலை மட்டும் மாட்டி வைத்த மாதிரி. பால் திரிவதைப் பற்றி நாற்பது விநாடி வீடியோ ஒன்று போட்டேன். அதற்கு லட்சக்கணக்கில் வியூஸ் வரவில்லை. ஆனால் இன்றைக்கும் புதிதாக ஆர்டர் கொடுப்பவர்களிடம் “எங்கே பார்த்தீங்க?” என்று கேட்டால், அந்தப் பால் வீடியோ என்று சொல்கிறவர்கள்தான் அதிகம்.

நாங்கள் தூத்துக்குடி மாவட்டம் உடன்குடிப் பக்கத்திலிருந்து கருப்பட்டியும் பனங்கற்கண்டும் ஆன்லைனில் விற்கிறோம். அதனால் உதாரணமெல்லாம் கருப்பட்டியிலிருந்தே வரும். நீங்கள் சுங்குடிச் சேலை விற்கலாம், இட்லிப் பொடி விற்கலாம், தையல் வகுப்பு நடத்தலாம், வாடிக்கையாளர் கேட்கிற கேள்விக்குப் பதிலையே வீடியோவாகப் போடுகிற இந்த முறை ஒன்றுதான்.

கேள்வி நோட்டு

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஃபோனில் எழுதி வைப்பதும் சரிதான், எனக்கு நோட்டு பழகிவிட்டது. வாங்கியவர், வாங்கலாமா என்று யோசிப்பவர், வாங்காமல் போனவர் எல்லோரும் கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். இந்த “அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே” என்பது முக்கியம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். ஒரு மாதத்தில் முப்பது கேள்வியாவது சேரும். பாதிக்கு மேல் திரும்பத் திரும்ப வருவதாக இருக்கும். எத்தனை தடவை வருகிறதோ அத்தனை கோடு போட்டு வைத்தால் எதை முதலில் வீடியோ எடுக்க வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் நோட்டில் இருப்பவை சில: கரைத்தால் அடியில் மண் மாதிரி தங்குகிறதே, அது என்ன? ஒரே ஊர்க் கருப்பட்டி, போன மாதம் கறுப்பாக இருந்தது, இந்த மாதம் ஏன் வெளுத்திருக்கிறது? மழைக்காலத்தில் கசிகிறதே, கெட்டுவிட்டதா? ஒரு டம்ளர் காபிக்கு எவ்வளவு போட வேண்டும்? சர்க்கரை கலந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? சில்லுக் கருப்பட்டி என்றால் என்ன? உளுந்தங்களிக்கு எந்தக் கருப்பட்டி நல்லது? கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, நீங்கள் ஏன் இவ்வளவு சொல்கிறீர்கள்?

கடைசிக் கேள்வியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அதுதான் இருப்பதிலேயே நல்ல கேள்வி. நிறைய பேர் விலையைச் சொல்லவே தயங்கி “விலைக்கு இன்பாக்ஸ்” என்று போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விலையைப் போடுங்கள், ஏன் அந்த விலை என்பதையும் காட்டுங்கள். பனையேறுகிறவர் ஒரு மரத்தில் காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவுகிறார், கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும், இறக்கிய பதநீரைப் பெரிய தாச்சியில் மணிக்கணக்கில் காய்ச்சிக் கூழ்ப்பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்ற வேண்டும். இதை நேரில் பார்க்காத சென்னைக்காரருக்குக் கிலோ விலை அதிகமாகத் தெரிவதில் தவறே இல்லை. ஒரு நிமிடம் காட்டினால் பேரம் பாதி குறைந்துவிடுகிறது.

சேலை விற்பவர் என்றால் உங்கள் நோட்டில் வேறு கேள்விகள் இருக்கும். சாயம் போகுமா, முதல் தடவை எப்படி அலசுவது, கஞ்சி போட வேண்டுமா, ஃபோட்டோவில் தெரிகிற அரக்கு நிறம் நேரில் எப்படி இருக்கும். ஒரே சேலையை ஜன்னல் வெளிச்சத்திலும் டியூப்லைட் வெளிச்சத்திலும் காட்டினாலே அது ஒரு நல்ல வீடியோ. “கலர் வேற மாதிரி இருக்கு” என்று திரும்பி வருகிற பார்சலும் குறையும்.

இது புது வித்தை இல்லை. நம் ஊர் ஜவுளிக்கடைகளும் நகைக்கடைகளும் சிவகாசியில் அச்சடித்த தினசரி காலண்டரை வருடா வருடம் சும்மா கொடுக்கின்றன. ராகு காலம், முகூர்த்த நாள், கிருத்திகை எல்லாம் பார்க்க வீட்டில் அதைத்தான் மாட்டுகிறோம். வருடத்தில் 365 நாளும் அந்தக் கடையின் பெயர் கண்ணில் படுகிறது. வாடிக்கையாளருக்குத் தினமும் பயன்படுகிற ஒன்றைக் கொடுத்து அதில் நம் பெயரையும் போட்டு வைப்பது, அவ்வளவுதான் கன்டென்ட் மார்க்கெட்டிங்.

எந்தச் செயலியில் என்ன வேலை

எல்லா இடத்திலும் இருக்க வேண்டும் என்று ஆரம்பித்தால் மூன்றே வாரத்தில் சலித்துவிடும். புது ஆட்கள் உங்களைக் கண்டுபிடிக்க ஒரு இடம், வந்தவர்களோடு பேச ஒரு இடம், இரண்டு போதும். எங்களுக்குக் கண்டுபிடிக்கும் இடம் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் யூடியூபும். பேசும் இடம் வாட்ஸ்அப்.

ரீல்ஸுக்கு ஆயுள் குறைவு. பெரும்பாலும் சில நாள் ஓடும், அப்புறம் அடங்கிவிடும். யூடியூப் அப்படி இல்லை, அது தேடுகிற இடம். “கருப்பட்டி காபி பால் திரியாமல் செய்வது எப்படி” என்று ஒருவர் மூன்று வருடம் கழித்துத் தேடினாலும் உங்கள் வீடியோ வரலாம். அதனால் ஒரே கேள்விக்கு ரீல்ஸில் நாற்பது விநாடி, யூடியூபில் ஐந்து நிமிடம் விளக்கமாக என்று இரண்டு விதமாகச் செய்கிறேன். இங்கே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். யூடியூப் தருகிற விளம்பர வருமானம் வேறு, உங்கள் பொருள் விற்கிற வருமானம் வேறு. முதலாவதற்கு ஆயிரம் சப்ஸ்கிரைபர், நாலாயிரம் மணி நேரம் பார்வை என்றெல்லாம் கணக்கு இருக்கிறது. பொருள் விற்பவருக்கு அந்தக் கவலையே வேண்டாம். முந்நூறு சப்ஸ்கிரைபர் இருந்து அதில் நாற்பது பேர் மாதாமாதம் வாங்கினால் அது நல்ல சேனல்.

ஃபேஸ்புக்கை வயசானவர்கள் இடம் என்று ஒதுக்குகிறார்கள். கருப்பட்டி, செக்கு எண்ணெய், சிறுதானியம் வாங்கிச் சமைக்கிறவர்களில் நிறைய பேர் அங்கேதான் இருக்கிறார்கள், ஒதுக்காதீர்கள். கூகுள் மேப்பில் கடையைப் பதிவது நேரில் ஆட்கள் வந்து போகிற இடம் இருந்தாலோ, நீங்களே வாடிக்கையாளரிடம் நேரில் போவதாக இருந்தாலோ மட்டும். கொரியரில் மட்டும் அனுப்பும் வீட்டுத் தொழிலுக்கு அதற்கு அனுமதி இல்லை.

இனி வாட்ஸ்அப். சாதாரண வாட்ஸ்அப்பில் தொழில் செய்கிறவர் யாராவது இதைப் படித்தால் இன்றைக்கே வாட்ஸ்அப் பிசினஸுக்கு மாறுங்கள். இலவசம்தான். கேட்டலாக்கில் பொருள், படம், விலை போட்டு வைக்கலாம். அடிக்கடி சொல்கிற பதிலைச் சேமித்து வைத்து ஒரு தட்டில் அனுப்பலாம். எனக்கு ரொம்ப உதவுவது லேபிள்தான். “புதியவர்”, “பணம் வரவில்லை”, “அனுப்பியாச்சு” என்று எல்லோரும் வைப்பார்கள், அதோடு “பால் வீடியோ”, “யூடியூப்”, “தெரிந்தவர் சொல்லி” என்று எங்கிருந்து வந்தார் என்பதற்கும் லேபிள் வையுங்கள். மாதக் கடைசியில் ஒவ்வொரு லேபிளிலும் எத்தனை பேர் என்று எண்ணினால் எது வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். இதற்கு மேல் எந்த டூலும் இந்த அளவுத் தொழிலுக்குத் தேவைப்பட்டதில்லை.

ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் அவர்கள் உங்கள் எண்ணைத் தங்கள் ஃபோனில் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். இது தெரியாமல் நான் ரொம்ப நாள் யாருக்குமே போகாத செய்தியை அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது ஒவ்வொரு பார்சலிலும் ஒரு சின்னச் சீட்டு வைக்கிறேன். ஒரு பக்கம் காபி போடும் முறை, மறுபக்கம் “அடுத்த சீசன் சரக்கு வந்ததும் சொல்கிறோம், இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்” என்ற வரி. கேட்காமல் யாரையும் குரூப்பில் சேர்க்காதீர்கள், பிராட்காஸ்ட்டும் மாதத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். காலை வணக்கம் அனுப்பவே அனுப்பாதீர்கள், அந்த ஒரு செய்திக்காகவே உங்களை மியூட் செய்வார்கள்.

இந்த வாடிக்கையாளர் பட்டியலைச் செயலிக்கு வெளியேயும் வைத்திருங்கள். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. வருடக்கணக்கில் ஃபாலோயர் சேர்த்தவர்கள் எல்லாம் ஒரே ராத்திரியில் பூஜ்யத்துக்கு வந்தார்கள். பத்து நாளுக்குள் இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்தது, சிலர் அங்கே மறுபடி எழுந்தார்கள், பலரால் முடியவில்லை. 2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் சேர்ந்து படுத்துவிட்டன. பெயர், ஃபோன் எண், ஊர், கடைசியாக என்ன வாங்கினார் என்று ஒரு எக்ஸெல் தாளிலோ பேரேட்டிலோ எழுதி வைத்தால், எந்தச் செயலி போனாலும் அந்த மனிதர்களை நீங்கள் கூப்பிட்டுப் பேசலாம்.

நாற்பது விநாடி வீடியோவை எடுப்பது

அந்தப் பால் வீடியோவை எப்படி எடுத்தேன் என்று அப்படியே சொல்கிறேன். காலை ஒன்பது மணி, அடுக்களையில் மேற்குப் பார்த்த ஜன்னல். அந்த நேரத்தில் வெயில் நேராக விழாது, வெளிச்சம் மட்டும் வரும். லைட், ட்ரைபாட் எதுவும் கிடையாது. இரண்டு எவர்சில்வர் டப்பாவை அடுக்கி அதன்மேல் ஃபோனைச் சாய்த்து வைத்தேன், வழுக்காமலிருக்க அடியில் ஒரு ஈரத்துணி. பாத்திரத்துக்கு ஒரு சாண் தூரம்.

முதல் காட்சியே பால் திரிவதுதான். கொதிக்கிற பாலில் கருப்பட்டித் துண்டு விழுகிறது, கட்டி கட்டியாகப் பிரிகிறது. அதன்மேல் எழுத்தில்: “கருப்பட்டி போட்டதும் பால் திரிகிறதா?” நான் பேசின முதல் வரி, “இது கலப்படம் இல்லை, நாம போடுற நேரம்தான் தப்பு.” அப்புறம் கரைப்பது, வடிகட்டுவது. வடிகட்டியில் தங்குகிற கசடையும் மறைக்காமல் காட்டினேன், அது இன்னொரு கேள்விக்குப் பதில். அப்புறம் பாலை இறக்கி வைப்பது, பாகு ஊற்றுவது, ஒரு ஆற்று ஆற்றி டம்ளரில் ஊற்றுவது. கடைசி மூன்று விநாடியில் கடைப் பெயர். “வணக்கம் நண்பர்களே, நம்ம சேனலுக்குப் புதுசா வந்திருந்தா” என்று ஆரம்பித்திருந்தால் பால் பொங்குவதற்குள் பார்ப்பவர் போயிருப்பார்.

முதலில் எடுத்தது ஒரு நிமிடம் இருபது விநாடி வந்தது. பால் கொதிக்கும் வரை காத்திருப்பது, கரண்டி தேடுவது எல்லாம் அதில் இருந்தது. வெட்டி வெட்டி நாற்பதுக்குக் கொண்டுவந்தேன். இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் சொன்னார், வீடியோவை எவ்வளவு பேருக்குக் காட்டுவது என்று தீர்மானிப்பதில் முக்கியமானவை மூன்று: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், லைக், அடுத்தவருக்கு அனுப்புகிறார்களா. உங்களை ஃபாலோ செய்யாதவர்களிடம் போய்ச் சேர அந்த மூன்றாவதுதான் ரொம்பக் கைகொடுக்கும். பொங்கல் வாழ்த்தை யாரும் யாருக்கும் அனுப்ப மாட்டார்கள், அவரவர் வாழ்த்து அவரவரிடம் இருக்கும். பால் திரியாத வழியை அம்மா மகளுக்கு அனுப்புவார், மகள் மாமியாருக்கு அனுப்புவார். ஒரு வீடியோ எடுக்கும் முன் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று, இதை யார் யாருக்கு அனுப்புவார்? பதில் தெரியவில்லை என்றால் எடுப்பதில்லை.

சினிமாப் பாட்டு வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பிசினஸ் கணக்கில் பிரபலமான பாட்டுகள் பெரும்பாலும் கிடைக்காது, உரிமைச் சிக்கல். அதற்காகத் தனிப்பட்ட கணக்கில் வைத்துக்கொண்டு விற்பது பின்னால் வீடியோவை நீக்கும் நிலைக்குக் கொண்டுபோகும். உங்கள் குரலும், பாகு கொதிக்கிற சத்தமும், கருப்பட்டியை உடைக்கிற சத்தமும் போதும். அந்த “டக்” சத்தத்துக்காகவே பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவில் பொருளின் படத்தை உருவாக்கிப் போடுவதும் இப்போது பரவி வருகிறது, வேண்டவே வேண்டாம். வீட்டுக்கு வரும் கருப்பட்டி அந்தப் படத்தைப் போல இருக்காது, அதோடு நம்பிக்கை போய்விடும்.

அவர்கள் தேடுகிற சொல்

நோட்டில் அவர்கள் வார்த்தையிலேயே எழுதச் சொன்னது இதற்காகத்தான். நாங்கள் கருப்பட்டி என்கிறோம். சென்னையில் நிறைய பேர் பனை வெல்லம் என்று தேடுகிறார்கள். யாழ்ப்பாணத்தார் பனங்கட்டி என்பார்கள், கனடாவிலும் லண்டனிலும் இருந்து விசாரிக்கிற ஈழத்தமிழர்கள் அதே சொல்லைத்தான் எழுதுகிறார்கள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் இதையெல்லாம் ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள், அதிலும் ஒற்றெழுத்து ஒன்றா இரண்டா என்று பல விதம். நான் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மற்றவர்களைத் தவறவிட்டுக்கொண்டிருந்தேன். இப்போது தலைப்பில் கருப்பட்டி, விவரத்தின் முதல் வரியில் பனை வெல்லம், பனங்கட்டி, அதோடு ஆங்கில எழுத்தில் இரண்டு விதம்.

சரி, எந்தச் சொல் அதிகம் புழங்குகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? யூடியூப் தேடல் பெட்டியில் “கருப்பட்டி” என்று அடித்து நிறுத்துங்கள், கீழே வரிசையாக வருபவை மக்கள் தேடியவை. கூகுள் ட்ரெண்ட்ஸில் இரண்டு சொல்லை அருகருகே போட்டு எந்த மாதத்தில் எது ஏறுகிறது என்று பார்க்கலாம். மாதம் முக்கியம். தென்மாவட்டங்களில் திருக்கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை அவிப்பார்கள், கருப்பட்டி இல்லாமல் அது இல்லை. கார்த்திகை அன்றைக்கு அந்த வீடியோ போட்டால் என்ன பயன்? பார்த்து ஆசைப்பட்டு ஆர்டர் கொடுத்துப் பார்சல் போய்ச் சேர நாள் வேண்டும், அதனால் மூன்று வாரம் முன்பே போடுகிறேன். மழை தொடங்கும்போது சுக்குக் காபி, ஆடி மாதம் ஈழத்தமிழர்களுக்கு ஆடிக்கூழ். உங்கள் பொருளுக்கும் இப்படி ஒரு பஞ்சாங்கம் இருக்கும். பள்ளி திறக்கும் ஜூன், ஆடித் தள்ளுபடி, ஐப்பசி மழை, தை முகூர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள்.

பணம் கொடுத்து விளம்பரம் செய்வது

போட்ட வீடியோவைப் பணம் கொடுத்து இன்னும் பலருக்குக் காட்டும் “பூஸ்ட்” பொத்தானைப் பார்த்ததும் அழுத்தத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். காசு கொடுக்காமலே நாலு பேர் பகிர்ந்த வீடியோவுக்கு மட்டும் காசு கொடுங்கள். தானாக ஓடாததைப் பணம் கொடுத்துத் தள்ளினால் பணம் இருக்கும் வரைதான் நகரும்.

கணக்கு எப்படிப் பார்ப்பது என்று ஒரு உதாரணம். ஒரு ஆர்டரில் கொரியர், அட்டைப்பெட்டி எல்லாம் போக எண்பது ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்துக்கு ஐந்நூறு ரூபாய் போட்டீர்கள், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து ஐந்நூற்றுத் தொண்ணூறு. ஐந்து புது ஆட்கள் வாங்கினார்கள். ஒருவருக்கு 118 ரூபாய் செலவு, வந்தது எண்பது. முதல் ஆர்டரில் தலைக்கு 38 ரூபாய் நஷ்டம். அவர்களில் மூன்று பேர் இரண்டாவது தடவை விளம்பரமில்லாமல் வாங்கினால் 240 ரூபாய் வரும், அந்த நஷ்டம் கழிந்து கையில் கொஞ்சம் நிற்கும். ஆகவே திரும்ப வாங்கும் பழக்கம் உள்ள பொருளுக்கே இந்த விளம்பரம் கட்டுப்படியாகும். கல்யாணப் பட்டு மாதிரி எப்போதோ ஒரு தடவை வாங்கும் பொருள் என்றால் முதல் ஆர்டரிலேயே லாபம் வர வேண்டும். விளம்பரத்தைத் தட்டினால் நேரே வாட்ஸ்அப்புக்கு வருகிற வகையைத் தேர்ந்தெடுங்கள், நம்மவர்கள் வெப்சைட்டில் கார்டு நம்பர் போடுவதைவிடப் பேசி வாங்குவதையே விரும்புகிறார்கள்.

பெரிய இன்ஃப்ளூயன்சருக்குக் கொடுக்கும் பணத்தில் சின்னச் சமையல் சேனல் நடத்தும் பத்துப் பேருக்குப் பொருள் அனுப்பலாம். சமைத்துப் பார்த்துப் பிடித்தால் போடுங்கள், பிடிக்காவிட்டால் எனக்குச் சொல்லுங்கள் என்று எழுதி அனுப்புகிறேன். காசோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அது விளம்பரம் என்று வீடியோவிலேயே தெரியும்படி சொல்ல வேண்டும், விளம்பரத் தரக் கவுன்சில் 2021-இலேயே இதற்கு வழிமுறை வகுத்துவிட்டது.

உணவுப் பொருள் விற்பவர்களுக்கு

எல்லாவற்றையும்விட எனக்கு மனசு கொதிக்கிற விஷயம் இது. “சர்க்கரை நோயாளிகளும் பயமில்லாமல் சாப்பிடலாம்” என்று கருப்பட்டி விற்கிறார்கள். பொய். கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே இனிப்பு. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். ஒரு பெரியவர் அதை நம்பி மூன்று வேளையும் கருப்பட்டிக் காபி குடித்தால் என்ன ஆகும் என்று எழுதுகிறவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். சட்டமும் சும்மா விடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், திரும்பச் செய்தால் ஐம்பது லட்சம் வரை. எங்கள் பக்கத்தில் “சர்க்கரை நோய் இருக்கிறதா? டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்” என்று எழுதியிருக்கிறோம். அதனால் போன ஆர்டரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

அதே போலத்தான் கலப்படச் சோதனை வீடியோக்கள். உடைத்தால் உள்ளே பளபளவென்று மின்னக்கூடாது என்பது எங்கள் ஊரில் பார்க்கிற முறை, அதைக் காட்டுகிறேன். கூடவே, வீட்டில் பார்ப்பது முழு உறுதி தராது, ஆய்வகச் சோதனைதான் உறுதி என்றும் சொல்லிவிடுகிறேன். உடன்குடி கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தப் பெயரை வைத்து வேறு ஊர்ச் சரக்கை விற்பவர்களும் வந்துவிட்டார்கள், அதனால் யாரிடம் வாங்குகிறோம் என்பதைக் காட்டுவது இப்போது இன்னும் அவசியமாகிவிட்டது. வீட்டிலிருந்து விற்றாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) பதிவு எடுத்து, அந்த 14 இலக்க எண்ணைப் பொட்டலத்திலும் பக்கத்திலும் போடுங்கள்.

குறை வரும்போது

ஒரு கார்த்திகை மாதம், நல்ல மழை. திருச்சிக்குப் போன பார்சலில் கருப்பட்டி கசிந்து அட்டைப்பெட்டி முழுக்க நனைந்திருந்தது. அந்தத் தம்பி படமெடுத்து என் ரீல்ஸுக்குக் கீழேயே கமெண்டில் “இதுதான் உங்க தரமா?” என்று போட்டுவிட்டார். கை தானாக டெலிட் பொத்தானுக்குத்தான் போனது. நல்ல வேளை, செய்யவில்லை. “மழைக்காலத்துக்கு ஏற்ற மாதிரி நாங்க பேக் பண்ணல தம்பி, தப்பு எங்களுது. வேற பார்சல் இன்னைக்கே கிளம்புது” என்று அங்கேயே, எல்லோரும் பார்க்கும்படி பதில் எழுதினேன். அன்றைக்கே அனுப்பினேன். அவர் கமெண்டை எடுக்கவில்லை, அதன் கீழேயே “வந்துடுச்சு, நல்லா இருக்கு” என்று எழுதினார். இன்றும் அது அங்கே இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு ஆர்டர் கொடுத்ததாக என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு மழைக்காலத்தில் ஓலைப்பெட்டிக்கு வெளியே காற்றுப் புகாத பை ஒன்று போட்டு அனுப்புகிறோம், அந்த மாற்றத்தையும் ஒரு வீடியோவாகப் போட்டேன்.

கணக்கைக் காப்பாற்றுவதும் இதோடு சேர்த்தி. எல்லாச் செயலியிலும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை (டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்) இன்றைக்கே போடுங்கள். “உங்கள் பக்கம் காப்புரிமையை மீறியது, 24 மணி நேரத்தில் இந்த லிங்க்கைத் தட்டாவிட்டால் நீக்கப்படும்” என்று செய்தி வந்தால் தட்டாதீர்கள், கடவுச்சொல்லைத் திருடும் வழி அது. யுபிஐ ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பொருள் அனுப்பாதீர்கள், பணம் வங்கிக் கணக்கில் வந்ததைப் பார்த்த பிறகு பெட்டியைக் கட்டுங்கள். உங்களுக்குப் பணம் வருவதற்காக உங்கள் யுபிஐ பின் (PIN) நம்பரைப் போடச் சொல்லி யார் கேட்டாலும் ஏமாற்றுதான்.

சீசனில் எடுத்து வருடம் முழுக்கப் போடுவது

வாரத்துக்கு இரண்டு வீடியோ என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு நூறு. தினமும் எடுக்க முடியாது. கருப்பட்டிக்கு மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வரைதான் சீசன், அப்போது எடுத்தால்தான் உண்டு. நான் சீசனில் வாரத்துக்கு ஒரு நாள் காலையில் பனை விளைக்கு, அதாவது பனந்தோப்புக்கு, போய் நின்றுவிடுவேன். முழு வீடியோவாக யோசிக்காமல் ஐந்து விநாடி, பத்து விநாடித் துண்டுகளாக எடுப்பேன். கலயத்தில் சுண்ணாம்பு தடவும் கை, பாளை சீவும் அரிவாள், பதநீர் வடிகட்டுவது, நுரை பொங்கி அடங்குவது, கூழ்ப்பதம் பார்க்கத் தண்ணீரில் ஒரு சொட்டு விடுவது, சிரட்டையிலிருந்து கருப்பட்டி கழன்று விழுவது. முகம் தெரிகிற மாதிரி எடுப்பதானால் பனையேறும் அண்ணனிடம் முதலிலேயே கேட்டுவிடுவேன். எடுத்ததை ஒவ்வொரு கேள்வியின் பெயரிலும் ஒரு ஃபோல்டர் போட்டு வைத்தால், ஐப்பசி மழையில் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே குரல் மட்டும் சேர்த்து வாரம் இரண்டு போட்டுவிடலாம்.

போகும் முன் ஃபோனில் இடம் காலி செய்துகொண்டு போங்கள். தாச்சி அடுப்புக்குப் பக்கத்தில் ஃபோன் சீக்கிரமே சூடாகித் தானாக நின்றுவிடும், அதனால் இரண்டு நிமிடம் எடுத்ததும் நிழலுக்குக் கொண்டுவந்து ஆறவிட வேண்டும். ஆவி பட்டு லென்ஸில் பிசுபிசுப்பு ஏறும், அது கண்ணுக்குத் தெரியாது, வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாப் படமும் புகை மூட்டமாக இருக்கும். ஒரு பழைய வேட்டித் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டு எடுக்கும் முன்னும் துடைத்துக்கொள்ளுங்கள்.